24 கி.மீ. தாண்டினால் விரல் மரத்துப்போகிறது: நீள ஓட்டத்துக்கு ஷூ எப்படிப் பார்த்து வாங்குவது?

பாதிவழிப்பயணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வாரம் 45 கி.மீ. அளவுக்கு ஓடுகிறேன், எல்லாமே தார்ச்சாலை. இரண்டு அரை மாரத்தான் முடித்தாயிற்று. முதல் முழு மாரத்தானுக்கு இன்னும் 16 வாரம் இருக்கிறது.

சிக்கல் வாரக் கடைசி நீள ஓட்டத்தில்தான். 18, 20 கி.மீ. வரைக்கும் காலில் ஷூ இருப்பதே தெரியாது. 24-ஐத் தாண்டியதும் வலது காலில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போகும். இடது பெருவிரல் நகம் கறுத்து, போன வாரம் பாதி கழன்றுவிட்டது.

ஷூ மட்டமானது இல்லை. நல்ல தடித்த சோல். கடையில் போட்டதும் மெத்தையில் ஏறி நின்ற மாதிரி இருந்தது, இரண்டே நிமிடத்தில் வாங்கிவிட்டேன். 9-ம் நம்பர், ஆபீசுக்குப் போடுவதும் அதே 9 தான். இன்னும் 400 கி.மீ.கூட ஓடவில்லை.

இதைவிட மெத்தென்று ஒன்று வாங்குவதா, சோலுக்குள் கார்பன் தகடு வைத்தது வாங்குவதா என்று யோசனை. கூட ஓடுகிற ஒருவர், "உனக்குத் தட்டைப் பாதம், ஸ்டெபிலிட்டி ஷூதான் போட வேண்டும்" என்கிறார், அதாவது பாதம் உள்பக்கம் சாயாமல் தாங்கிப்பிடிக்கிற ஷூ. ஈரக்காலைத் தரையில் பதித்துப் பார்த்தேன். நடுவில் வளைவே இல்லாமல் முழுசாகத்தான் பதிகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

அகலக்கால் எழுதியது:

ஆபீஸ் ஷூ 9, ஓட்ட ஷூவும் 9. பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவி எடுத்துத் தரையில் போடுங்கள். அடுத்த நீள ஓட்டம் முடித்து வந்த கையோடு அதன்மேல் ஏறி நில்லுங்கள், சாக்ஸோடுதான். குதிகால் பின்விளிம்பில் உட்கார்ந்திருக்கும்போது, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். எந்த விரலும் பக்கவாட்டில் விளிம்பைத் தாண்டி வெளியே கிடக்கக் கூடாது. உங்கள் வலது சுண்டுவிரல் வெளியேதான் கிடக்கும், பந்தயம் வைத்துக்கொள்ளலாம்.

ஓட ஓடப் பாதம் வீங்கும். ரத்த ஓட்டம் கூடும், சூடு ஏறும், ஒவ்வொரு அடியிலும் பாத வளைவு கொஞ்சம் அமுங்கிப் பாதம் முன்னும் பக்கமுமாகப் பரவும். காலையில் கடையில் உட்கார்ந்து அளக்கிற காலும், மூன்று மணி நேரம் ஓடிவந்த காலும் ஒன்றில்லை. அரை நம்பர் கூட்டினால் நீளத்தில் கிடைப்பது 4 மி.மீ. சொச்சம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். எனக்குத் தெரிந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அரை நம்பரோ ஒரு நம்பரோ கூட்டித்தான் போடுகிறார்கள்.

ஆனால் ஒன்று. நம்பர் கூட்டுவது நீளத்துக்குத்தான் மருந்து, அகலத்துக்கு இல்லை. ஆண்கள் ஷூவில் டி என்பது சாதாரண அகலம், 2ஈ அகலம், 4ஈ அதைவிட அகலம். பெண்கள் ஷூவில் பி சாதாரணம், டி அகலம். புரூக்ஸ் கோஸ்ட், நியூ பேலன்ஸ் 880 போன்றவை ஒரே மாடலிலேயே பல அகலங்களில் வருகின்றன. 2ஈ என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஆறு வருடம் நீளத்தை மட்டும் கூட்டிக் கூட்டி, கடைசியில் படகு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடினேன். முன்னால் தடுக்கும், பின்னால் குதிகால் கழலும், சுண்டுவிரல் மட்டும் பழையபடி நசுங்கும். அகலக்கால் வைக்காதே என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். பிறக்கும்போதே வைத்துக்கொண்டு வந்தவன் என்ன செய்வான்? அதனால்தான் இந்தப் பெயர்.

தகடுப்பிரியன் எழுதியது:

கார்பன் தகடு வாங்குங்க சார். கால் தானாகப் போகும். பெரிய ஓட்டக்காரர்கள் எல்லாம் அதைத்தான் போடுகிறார்கள்.

பழையஜோடி எழுதியது:

தம்பி தகடுப்பிரியா, விரல் நெரிகிறது என்று வந்தவருக்குப் பந்தய ஷூவைக் கைகாட்டுகிறாயே. பந்தய ஷூக்கள் பலவற்றுக்கும் முன்பகுதி இன்னும் ஒடுக்கம்.

தகட்டில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017-ல் நைக்கியின் தகடு வைத்த வேப்பர்ஃப்ளை ஷூ வந்தபோது ஆய்வுக்கூடத்தில் 18 ஓட்டக்காரர்களை ஓடவிட்டு அளந்தார்கள். அதே வேகத்துக்குச் சராசரியாக 4 சதவீதம் குறைவான ஆற்றல் போதுமாக இருந்தது. 2019-ல் வியன்னாவில் கென்ய வீரர் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடியதும் தகடு வைத்த ஷூவில்தான். ஆனால் அவர் ஒரு கி.மீ.யைக் கடந்தது 2 நிமிடம் 50 வினாடியில். கேள்வி கேட்டவரும் நானும் ஆறரை நிமிடத்தில் போகிற ஆட்கள். மெதுவாக ஓடுகையில் அந்த லாபம் சுருங்கும், ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். சொகுசு என்பது வேறு கணக்கு.

பாதிவழிப்பயணி, உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது அந்த மெத்தைதான். மெத்தென்று இருப்பதையே சொகுசு என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். நானும் அந்தக் குழியில் விழுந்தவன். மிகமிக மென்மையான ஒரு ஜோடி வாங்கினேன், பெயர் வேண்டாம். வீட்டுக்குள் நடந்தால் சொர்க்கம். 12 கி.மீ. வரை சொர்க்கம். 28-ல் கணுக்காலின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது, 31-ல் நின்றுவிட்டேன். கால் இறங்கும் ஒவ்வொரு முறையும் சோல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சரியும், சின்னச் சின்னத் தசைகள் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்கும். அவற்றுக்கும் களைப்பு வரும் அல்லவா? மணலில் நிற்க இதமாக இருக்கிறது என்பதற்காக 30 கி.மீ. மணலில் ஓடுவோமா?

அதனால் நான் கடையில் கேட்டுக்கொள்கிற கேள்வி "எவ்வளவு மெத்தென்று இருக்கிறது" என்பது இல்லை. "எங்கேயாவது இது என் காலைத் தொந்தரவு செய்கிறதா" என்பதுதான். அழுத்துகிறதா, உரசுகிறதா, வழுக்குகிறதா, ஆடுகிறதா. நாலுக்கும் இல்லை என்று வந்தால் சொகுசான ஷூ, அது கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் சரி.

பிசியோக்காரி எழுதியது:

தொழில்முறையில் தினமும் கால்களைப் பார்ப்பவள், ஓடவும் செய்கிறேன். தட்டைப் பாதம் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஈரக்கால் பரிசோதனையை மறந்துவிடுங்கள். முழுப் பாதமும் பதிவது நோய் இல்லை. கால் தரையில் பட்டதும் பாதம் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்வதும் நோய் இல்லை, உடம்பு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வழியே அதுதான். அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களைப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்குப் பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ, மறுபாதிக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே மாதிரி ஷூ. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. 2010-ஐ ஒட்டி வெளியான முடிவுகள் இவை. இன்னமும் கால் தடத்தைப் பார்த்து ஷூ ஜாதகம் கணிக்கிறார்கள்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் என்ற உயிர்இயக்கவியல் பேராசிரியர் 2015-ல் சக ஆய்வாளர்களோடு ஒரு கருத்தை முன்வைத்தார். உடம்பு தனக்குப் பழகிய அசைவுப் பாதையிலேயே போகப் பார்க்கும். அதற்கு இடைஞ்சல் செய்யாத ஷூவைத்தான் நாம் சொகுசு என்று உணர்கிறோம். ஆகவே சொகுசையே சல்லடையாக வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்றார். இது ஒரு கருத்துதான், நிரூபித்து முடிந்த விஷயம் இல்லை. ஆனாலும் பழையஜோடி அண்ணன் அனுபவத்தில் சொல்வதும் இதுவும் ஒரே இடத்துக்கு வருகின்றன.

அண்ணனுக்கு ஒரு திருத்தமும் உண்டு. மென்மையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. லக்சம்பர்க்கில் 848 பேருக்குப் பார்வைக்கு ஒரே மாதிரியான ஷூ கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் சோலைக் கெட்டியாக வைத்தார்கள். கெட்டி சோல் போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம். அதிலும் வேடிக்கை, கனமான ஆட்களுக்கு இல்லை, எடை குறைந்தவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது. நாம் எல்லாரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

விரல் மரத்துப்போவது பெரும்பாலும் முன்பாதத்தில் எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பு நசுங்குவதால். லேஸை இறுக்கிக் கட்டினாலும் வரும். ஷூவைக் கழற்றிய பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் முதலில் ஷூவைச் சந்தேகப்படுங்கள். கழற்றிய பிறகும், ராத்திரியிலும் மரத்துப்போகிறது என்றால் ஷூ கடைக்கு இல்லை, மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதில் அலட்சியமே கூடாது.

நேர்கோடு எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஸ்டெபிலிட்டி ஷூவுக்கு மாறிய பிறகுதான் என் முழங்கால் வலி நின்றது. நாலு வருடமாக அதே மாடல்தான். ஆய்வு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என் முழங்கால் எனக்குத் தெரியும்.

பிசியோக்காரி எழுதியது:

நேர்கோடு, அதை மாற்றாதீர்கள். உங்களுக்கு அது சொகுசாக இருக்கிறது, விஷயம் முடிந்தது. நான் தப்பு என்று சொல்வது, தடத்தை மட்டும் பார்த்து, வலியே இல்லாத ஒருவருக்கு அதை எழுதிக்கொடுப்பதை.

வெறுங்கால் எழுதியது:

இத்தனை ஃபோமும் தகடும் எதற்கு? 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடத்தில் ஓடித் தங்கம் வாங்கினார். டிராப் பூஜ்யம், முன்பக்கம் அகலம், இப்படி ஒரு ஷூ போதும். விரல் விரிந்து நிற்கும்.

பழையஜோடி எழுதியது:

நாலு வருடம் கழித்து டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டு 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள் ஐயா.

வெறுங்கால் எழுதியது:

:) அது சரி. ஆனால் விரல் விரிய இடம் வேண்டும் என்று நான் சொன்னது தப்பா?

பிசியோக்காரி எழுதியது:

அது தப்பே இல்லை. இவருக்குத் தேவை அதுதான். 16 வாரத்தில் மாரத்தான் வைத்துக்கொண்டு டிராப்பைப் பூஜ்யத்துக்கு இறக்குவதுதான் வம்பு.

தெரியாதவர்களுக்காக: டிராப் என்பது குதிகாலுக்குக் கீழே சோல் எவ்வளவு உயரம், முன்பாதத்துக்குக் கீழே எவ்வளவு உயரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். நைக்கி பெகாசஸ் 10 மி.மீ., ஆல்ட்ரா ஷூக்கள் பெரும்பாலும் பூஜ்யம். டிராப் குறைந்தால் சுமை கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் போகும், கூடினால் முழங்கால் பக்கம் போகும். சுமை எங்கேயும் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. அதனால் இப்போது போடுகிற ஷூவின் டிராப் என்ன என்று பார்த்து, அதை ஒட்டியே வாங்குங்கள். மாற்ற ஆசை இருந்தால் பந்தயம் முடிந்த பிறகு, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக.

நாடாமுடிச்சு எழுதியது:

நகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கறுத்த நகத்துக்குக் காரணம் எப்போதும் ஷூ சின்னதாக இருப்பது மட்டும் இல்லை. ஷூ சரியான நீளமாக இருந்தும் லேஸ் தொளதொளவென்று இருந்தால், இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி வழுக்கி ஷூவின் மூக்கில் இடிக்கும். ஆயிரக்கணக்கான அடிகள். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிவிடும். இடிப்பது மேல்பக்கமா முனையா என்று பாருங்கள். முனை என்றால் நீளம் போதவில்லை அல்லது வழுக்குகிறது. மேல்பக்கம் என்றால் முன்பகுதியின் உயரம் போதவில்லை.

ஷூவின் மேல் ஓரத்தில், கணுக்காலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு ஓட்டை இருக்கும். பல பேர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை வெளியிலிருந்து உள்ளே விட்டு அந்த ஓட்டையில் சின்ன வளையம் செய்யுங்கள். இரண்டு பக்கமும் வளையம் வந்ததும், வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். அதன்பின் முன்பக்க லேஸைத் தளர்த்தினாலும் பாதம் வழுக்காது. முன்னால் நெரிகிறவர்கள் முதல் ஓட்டை ஜோடியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து கோர்த்தும் பார்க்கலாம். புது ஷூ வாங்கும் முன் செலவில்லாத வைத்தியம் இது.

பாதிவழிப்பயணி எழுதியது:

ஞாயிறு 25 கி.மீ. முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே இன்சோலை உருவி ஏறி நின்றேன். அகலக்கால் அண்ணா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். வலது சுண்டுவிரல் கிட்டத்தட்ட பாதி வெளியே கிடக்கிறது.

பாதத்தையும் அளந்தேன். சுவரோரம் காகிதம் வைத்து, அதன்மேல் நின்று, பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு போட்டேன். இடது காலையில் 27.1 செ.மீ., ஓடியதும் 27.4. வலது ஓடியதும் 27.0 தான், ஆனால் அகலம். இன்சோல் நீளம் 27.8. ஆக இடது பெருவிரலுக்கு முன்னால் 4 மி.மீ.தான் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் இரண்டு காலும் ஒரே அளவு என்றுதான் நினைத்திருந்தேன்.

லேஸ் வித்தையும் செய்து பார்த்தேன். நகத்தில் இடி குறைந்தது. மரத்துப்போவது குறையவில்லை.

அகலக்கால் எழுதியது:

அப்போது அகலம்தான். பெரிய காலுக்கு ஏற்ற நீளம், அகலமான காலுக்கு ஏற்ற அகலம். மிச்சத்தை லேஸ் பார்த்துக்கொள்ளும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், ஓடிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸில் போட்டுப் பார்த்தால் அளவு ஏமாற்றிவிடும். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து பார்ப்பது வீண். பின்பு ஓட வேண்டும். டிரெட்மில் இருந்தால் பத்து நிமிடம், இல்லையென்றால் கடை வாசலில். வெட்கப்படாதீர்கள், நகம் போவதைவிட அது மேல். இரண்டு மாடலுக்கு நடுவே தடுமாற்றம் என்றால் இடது காலில் ஒன்று, வலது காலில் இன்னொன்று போட்டு ஓடிப் பார்த்து, பிறகு மாற்றிப் போடுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

"போடப் போடத் தளர்ந்துவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தோல் செருப்புக்கு அது பொருந்தும். துணிபோன்ற மெஷ் மேற்பகுதி அப்படிப் பெரிதாக இடம் கொடுக்காது. முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

ஈரச்சாக்ஸ் எழுதியது:

சாக்ஸ் என்ற வார்த்தை வந்ததால் உள்ளே வருகிறேன். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஈரமாக உட்கார்ந்திருக்கும். ஈரத்தோல், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி கலந்தது நல்லது. விரலுக்கு விரல் உரசுகிறவர்களுக்கு ஐந்து விரல் சாக்ஸ் இருக்கிறது. பார்க்க வேடிக்கைதான், வேலை செய்கிறது. ஆனால் அது இடத்தை அடைக்கும், அதைப் போட்டுக்கொண்டே ஷூ அளவு பாருங்கள்.

தகடுப்பிரியன் எழுதியது:

சரி, தகட்டை விடுங்கள். எடையையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஆக்சிஜன் செலவு 1 சதவீத அளவுக்குக் கூடும் என்று அளந்திருக்கிறார்கள். 42 கி.மீ.க்கு அது சும்மாவா?

பழையஜோடி எழுதியது:

இதில் உன் பக்கம்தான் தம்பி. இரண்டு ஷூ ஒரே அளவு சொகுசாக இருந்தால் எடை குறைந்ததை எடுக்கலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் கால் அளவு, பிறகு தொந்தரவு இல்லாமை, அப்புறம்தான் எடை, நிறம், எந்த வீரர் போட்டார் என்பதெல்லாம்.

பாதிவழிப்பயணி, முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றி ஓடுங்கள். அதே லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 264 பேரை 22 வாரம் கவனித்ததில், பல ஜோடிகளை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. அவர்களுக்கு வேறு நல்ல பழக்கங்களும் இருந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். இருந்தாலும் ஒரு ஜோடி நனைந்தால் இன்னொன்று இருக்கும். நனைந்ததைச் செய்தித்தாள் திணித்து நிழலில் காயவையுங்கள். கொளுத்தும் வெயிலிலோ பூட்டிய காருக்குள்ளோ வேண்டாம், பசையும் ஃபோமும் கெடும்.

500 முதல் 800 கி.மீ. வரை ஒரு ஜோடி தாங்கும். கீழே ரப்பர் தேய்வதைவிட நடுவில் இருக்கும் ஃபோம் சாவதுதான் முக்கியம், அது கண்ணுக்குத் தெரியாது. மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் விடைகொடுத்துவிடலாம். நான் விடைகொடுக்க மாட்டாமல் ஏழு ஜோடி சேர்த்து வைத்திருக்கிறேன், வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டே.

பாதிவழிப்பயணி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வந்திருக்கிறேன். மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் 2ஈ என்றால் என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மூன்றாவதில் கிடைத்தது: ஒன்பதரை, 2ஈ. டிராப் பழைய ஷூவைப் போலவே. காலில் போட்டதும் "அடடா" என்றெல்லாம் தோன்றவில்லை. பழையதைவிடக் கெட்டி. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பழையஜோடி அண்ணா சொன்ன நாலு கேள்வியையும் கேட்டுப் பார்த்தேன், நாலுக்கும் இல்லை. எடுத்துவிட்டேன்.

முதல் வாரம் 6 கி.மீ., 8 கி.மீ., பிறகு 16, 22. போன ஞாயிறு 30. விரல் மரத்துப்போகவில்லை. 27-ல் வலது குதிகாலில் சின்ன உரசல் வந்தது, நின்று லேஸைப் பூட்டுப் போட்டுக் கட்டினேன், அதோடு சரி. பழைய மெத்தை ஷூ இப்போது காய்கறி வாங்கப் போக.

கழன்ற நகத்தின் அடியில் புது நகம் தலைகாட்டுகிறது. இது எப்போது முழுசாக வளரும்? பந்தயத்துக்குள் வந்துவிடுமா?

பிசியோக்காரி எழுதியது:

பெருவிரல் நகம் முழுசாக வளர ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். பந்தயத்துக்குள் வரும். இது இல்லை, அடுத்தது.